தமிழ் தெரிந்ததால் குதித்தவன்

புதிதாகத் தீயணைப்பு வேலைக்கு வந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

உங்கள் பயிற்சி முடிகிற நாளில் வந்து அரைமணி நேரம் பேச வேண்டும் என்று கூப்பிட்டார்கள். வேற்று ஊர்க்காரர்களிடம், வேற்று மொழிக்காரர்களிடம் ஆபத்து நேரத்தில் எப்படிப் பேசுவது என்பதுதான் தலைப்பாம். மைக் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதித் தருகிறேன், யாராவது வாசித்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பம்பு, குழாய், முடிச்சு எல்லாம் சொல்லித்தர உங்களுக்கு நல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு முற்பகலைப் பற்றி. நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்னால், ஒரு மார்கழி வெள்ளத்தில் நடந்தது. இப்போதும் மழை வலுத்துப் பெய்தால் அந்தக் கூரை ஞாபகம் வந்து எனக்கு உள்ளங்கால் கூசும்.

அன்றைக்குத் தாமிரபரணி எது, வயல் எது என்று தெரியாமல் கிடந்தது. இரண்டு நாளாக விடாத மழை. கல்லிடைக்குறிச்சியில் படித்துறைகள் முழுகி, தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. நாங்கள் விடிந்ததிலிருந்து ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தோம். எங்கள் படகில் மூன்று பேர். நான், இசக்கி என்கிற இளம் தீயணைப்பு வீரன், மூன்றாவது மீரான் காக்கா. காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்பார்கள். அந்த ஊர்க்காரர், வளைகுடாவில் பல வருஷம் இருந்துவிட்டுத் திரும்பியவர். உதவிக்கென்று தன் ஃபைபர் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு முந்தின நாளே வந்துவிட்டார். படகு அவருடையது, மோட்டாரும் அவர் கையில்.

நெடுஞ்சாலை மேட்டில் குடையோடு ஒருவர் ஓடி வந்து எங்களை மறித்தார். ஆற்றோரத்தில் ஹாலோபிளாக் கம்பெனி வைத்திருக்கும் அண்ணாச்சி.

"சார், எங்க ஆளுக உள்ள மாட்டிக்கிட்டாங்க. வடக்க ஜார்க்கண்ட் பக்கம் உள்ளவங்க. பொம்பளையாளு, கைப்புள்ள எல்லாம் இருக்கு. சிமெண்டு குடோன் கூரையில ஏறி நிக்காங்களாம்."

"தமிழ் தெரியுமா அவங்களுக்கு?"

"மங்கள்னு ஒரு பையன், இருபத்தஞ்சு வயசு இருக்கும். அவனுக்குக் கொஞ்சம் தெரியும். மத்தவங்களுக்கு அவன்தான் சொல்லுவான்."

அவர் போன் நம்பரை வாங்கிக்கொண்டு கிளம்பினோம். மேட்டிலிருந்து குடோனுக்கு அதிகத் தூரமில்லை. ஆனால் போகிற வழி முழுக்கப் பயம்தான். வாழைத்தோட்டம் ஒன்று அடியில் கிடந்தது. மரங்களின் நுனி படகின் அடியைப் பிராண்டிக்கொண்டே வந்தது. மின்கம்பி தலைக்கு மேலே கையெட்டும் உயரத்தில் தொங்கியது. மின்சாரத்தை நிறுத்திவிட்டோம் என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் கம்பிக்குக் கீழே போகும்போது மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். வேலியில் ஒதுங்கிய குப்பையில் பாம்புகள் சுருண்டு கிடந்தன. மீரான் காக்கா உதட்டை மட்டும் அசைத்து ஓதிக்கொண்டே வந்தார்.

குடோன் தெரிந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. தண்ணீர் கூரை விளிம்புக்குக் கீழே ஒரு கை உயரம்தான் பாக்கி. மேலே பன்னிரண்டு பதிமூன்று பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் இடுப்பில் குழந்தை.

அடுத்து நடந்ததை நன்றாகக் கவனியுங்கள். நாங்கள் எல்லாவற்றையும் முறைப்படிதான் செய்தோம்.

இசக்கி நீளமாக ஒரு விசில் அடித்தான். நான் எழுந்து நின்று கயிற்றுச் சுருளைக் கையில் எடுத்தேன். மீரான் காக்கா ஆழம் பார்ப்பதற்காக நீளக் கம்பை உயர்த்தினார். இசக்கி கை இரண்டையும் வாயில் குவித்துக்கொண்டு, தன் சொந்தத் தம்பிமாரைக் கூப்பிடுகிற பிரியத்தோடு கத்தினான்:

"ஏலே! பயப்படாதீங்கலே! வாங்கலே, வந்து ஏறுங்கலே!"

கூரையில் இருந்தவர்கள் மொத்தமாகப் பின்னால் நகர்ந்தார்கள்.

நான் கயிற்றை வீசினேன். அது கூரைமேல் விழுந்ததும் பாம்பு விழுந்ததுபோல விலகினார்கள். குழந்தைக்காரி மறு விளிம்பு வரைக்கும் போய்விட்டாள். அவள் காலடியில் ஆஸ்பெஸ்டாஸ் சடக்கென்று ஒடிகிற சத்தம் மழையையும் மீறிக் கேட்டது. யாரோ அவளை இழுத்துப் பிடித்தார்கள். இசக்கி இன்னும் சத்தமாக, "ஏலே நில்லுங்கலே! ஓடாதீங்கலே!" என்று கத்தி, இன்னொரு விசில் அடித்தான்.

அந்த விசிலில் ஒருவன் குதித்தான்.

எங்கள் பக்கம் இல்லை. மறுபக்கம், ஆற்றை நோக்கி. மெலிந்த உருவம், நீலச் சட்டை. தண்ணீர் அவனை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துக்கொண்டு போயிற்று. காப்பாற்ற வந்த இடத்தில், நம்மைப் பார்த்து ஒருவன் சாவதற்குக் குதிக்கிறான். இத்தனை வருஷச் சர்வீஸில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

நல்லவேளையாகக் கொஞ்சத் தூரத்தில் ஒரு வேப்பமரம் பாதி முழுகி நின்றது. அதில் போய் மோதி ஒரு கொப்பைப் பிடித்துக்கொண்டான். மீரான் காக்கா படகை அந்தப் பக்கம் திருப்பினார். நாங்கள் நெருங்க நெருங்க, அவன் பிடித்திருந்த கொப்பை விட்டுவிட்டு அடுத்ததுக்குத் தாவினான். இன்னும் நெருங்கினோம். இன்னும் வெளியே போனான். கடைசியில் விரல் மொத்தமே உள்ள ஒரு கொப்பு. அதற்கு அப்பால் வெறும் ஆறு.

"நிப்பாட்டுங்க காக்கா," என்றேன். "பின்னால எடுங்க."

"சார், அவன் கை விட்டுருவான்."

"நாம கிட்ட போனாத்தான் விடுவான். பின்னால எடுங்க."

விலகி வந்தோம். நாங்கள் விலகியதும் அவன் உள்கொப்புக்குத் திரும்பினான். ஒரு ஆள் வெள்ளத்தில் தொங்குகிறான், அவன் பிழைக்க வேண்டுமென்றால் நாங்கள் தள்ளிப் போக வேண்டும். இதை எந்தப் பயிற்சியிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

மீரான் காக்கா, "நான் இந்தியில பேசிப் பாக்கேன் சார்," என்றார். வளைகுடாவில் பீகார்க்காரர்களோடு வேலை பார்த்தவர், இந்தி தண்ணீர்பட்ட பாடு. கூரையைப் பார்த்து உரக்கப் பேசினார். பேசப் பேச அவர்கள் முகம் இறுகியது. ஒருவன் குனிந்து ஒரு இரும்புக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். காக்கா பேச்சை நிறுத்திவிட்டார்.

காரணம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவர்கள் சந்தால் என்கிற பழங்குடி மக்கள். வீட்டில் பேசுவது சந்தாலி. இந்தி அவர்களை ஊரிலிருந்து கூட்டிவந்த கான்ட்ராக்டர் பேசுகிற பாஷை, அதட்டி வேலை வாங்குகிற பாஷை. இந்தி தெரிந்தால் வடக்கத்திக்காரர்கள் எல்லோரிடமும் பேசிவிடலாம் என்று நாம் நினைக்கிறோம். கேட்கிறவர் காதில் அது யாருடைய குரலாக விழுகிறது என்று யோசிப்பதில்லை.

அந்த நேரம் பார்த்து வாக்கி டாக்கியில் செய்தி வந்தது. பாபநாசம் அணையிலிருந்து வருகிற தண்ணீர் இன்னும் கூடும், ஆற்றோரத்தில் இருப்பவர்கள் உடனே மேட்டுக்கு வாருங்கள் என்றார்கள். இசக்கி என் முகத்தைப் பார்த்தான். அவன் உதடு வெளுத்திருந்தது.

"சார், புடிச்சு இழுத்துப் போட்டுருவோமா? மூணு பேரும் மேல ஏறி, முதல்ல பொம்பளையாளுகள..."

அப்படிச் செய்திருக்கலாம். தம்பிகளே, உங்களுக்கும் அந்த நேரம் வரும். நம் நல்லெண்ணம் நமக்குத் தெரியும், நேரமும் இல்லை, பிடித்து இழுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். எனக்கும் பரபரத்தது. ஆனால் ஒடிந்த கூரை, பயந்த கூட்டம், ஒருவன் கையில் இரும்புக் கம்பி. நாங்கள் மேலே ஏறினால் இன்னும் எத்தனை பேர் குதிப்பார்கள் என்று சொல்ல முடியாது.

காம்பவுண்டுச் சுவரின் மேல்விளிம்பு மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. படகை அதோடு பிடித்து நிறுத்தச் சொல்லிவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எப்படியோ கிடைத்தது.

"அண்ணாச்சி, உங்க ஆளுக எங்களப் பாத்து ஏன் பயப்படுதாங்க?"

"பயமா? என்ன பயம் சார்?"

"ஒருத்தன் தண்ணியில குதிச்சுட்டான். உள்ளதச் சொல்லுங்க."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஆரம்பித்தார்.

"அது ஒண்ணுமில்ல சார். போன வாரம் போன்ல ஒரு வீடியோ வந்துச்சுல்லா... வடக்க உள்ளவன் புள்ளயத் தூக்கிட்டுப் போறான்னு. அதப் பாத்துட்டுப் பக்கத்து ஊர்ப் பயக நாலஞ்சு பேரு கம்போட கம்பெனி கேட்டுக்கு வந்துட்டானுவ. 'ஏலே, ஊர விட்டுப் போயிருங்கலே, இல்லன்னா போலீஸோட வந்து கட்டித் தூக்கிட்டுப் போவோம்'னு ஒரே சத்தம். நான்தான் சமாதானம் பண்ணி அனுப்பி வச்சேன். அத்தோட முடிஞ்சுதுன்னு நெனச்சேன் சார்."

போனை வைத்துவிட்டு எங்கள் படகை நானே ஒரு தடவை பார்த்தேன். மூன்று ஆம்பளைகள். இரண்டு பேர் மேலே காக்கி. ஒருவன் கழுத்தில் விசில். ஒருவர் கையில் கம்பு. என் காலடியில் கயிறு. வாயில் 'ஏலே'.

நமக்கு 'லே' என்பது என்ன? கூடப் பிறந்தவனையும், கூடப் படித்தவனையும் கூப்பிடுகிற சொல். ஆனால் அந்த ஹாலோபிளாக் களத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அது எப்போது காதில் விழுந்திருக்கும்? 'தூக்குலே', 'சீக்கிரம்லே', 'போயிருங்கலே'. மற்றவர்களுக்கு அது வெறும் சத்தம். மங்களுக்கு மட்டும் அர்த்தம் புரிந்தது. வேப்பமரத்தில் தொங்குகிறவன் அவன்தான் என்று அப்போது எனக்கு உறைத்தது. எங்கள் பேச்சு கொஞ்சமும் புரியாதவர்கள் கூரையிலேயே நின்றார்கள். தமிழ் தெரிந்தவன் குதித்துவிட்டான்.

"இசக்கி, சட்டையக் கழத்து," என்றேன். நானும் கழற்றிவிட்டு, லைஃப் ஜாக்கெட்டை மட்டும் பனியன்மேல் திரும்ப மாட்டிக்கொண்டேன்.

"சார்? சட்ட இல்லாம போனா நாம யாருன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நாம யாருன்னு நெனச்சுத்தான்லே அவன் குதிச்சான். விசிலையும் கழத்து. கம்பு, கயிறு எல்லாத்தையும் பலகைக்கு அடியில தள்ளு. காக்கா, மோட்டாரை அணைச்சிருங்க."

மீரான் காக்கா முதன்முதலாக மறுத்தார். "மோட்டார் நின்னா இழுப்பு நம்மள ஆத்துக்குக் கொண்டு போயிரும் சார். என் படகு, நான் சொல்லுதேன்."

"சுவரைப் புடிச்சே போவோம். உருமிக்கிட்டுப் போகக் கூடாது காக்கா."

அவர் என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், அணைத்துவிட்டார். மோட்டார் நின்றதும் தண்ணீரின் சத்தம் திடீரென்று பெரிதாகக் கேட்டது. மூன்று பேரும் சுவர் விளிம்பைக் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்து நகர்ந்தோம். ஒரு கை தவறினால் போயிற்று. இசக்கி எதையோ முனகினான். அம்மாவைக் கூப்பிட்டான் என்று நினைக்கிறேன். குடோனின் கீழ்ப்புறம் வந்ததும் கட்டடம் மறைத்ததால் இழுப்பு குறைந்தது. அங்கே போய் நின்றோம்.

அதுவரைக்கும் நான் கூரையில் இருந்தவர்களை ஒரு கும்பலாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது ஒவ்வொருவராகப் பார்த்தேன். இரும்புக் கம்பி வைத்திருந்தவன் எங்களைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தான். குழந்தைக்காரியும் அவளைத்தான் பார்த்தாள். பச்சைச் சேலை, ஐம்பது வயதுக்குக் கிட்டே இருக்கும், குட்டையான உருவம். அவள் யாரையும் பார்க்கவில்லை. எங்கள் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முடிவு சொல்ல வேண்டியவள் அவள்தான். நாங்களோ அதுவரை ஆம்பளைகளைப் பார்த்தே கத்திக்கொண்டிருந்தோம்.

"நான் மட்டும் ஏறுதேன்," என்று படகில் இருந்த இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டுக் கூரை விளிம்பைப் பிடித்து ஏறினேன். ஆஸ்பெஸ்டாஸில் ஆணி அடித்த வரிசையில்தான் கால் வைக்க வேண்டும், அடியில் இருக்கிற இரும்புச் சட்டம் தாங்கும். தவறிக் கால் வைத்தால் உள்ளே போக வேண்டியதுதான். உள்ளே கழுத்துக்கு மேலே தண்ணீர். ஏறியதும் எழுந்து நிற்கவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நின்றால் அவர்களைவிட உயரமாகத் தெரிவேன்.

லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினேன். அதன் கொக்கி லேசில் கழலவில்லை. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை, கை அப்படி நடுங்கியது. எப்படியோ கழற்றி அந்தப் பெண் முன்னால் வைத்தேன்.

"அம்மா," என்றேன். காய்ச்சல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற குரலில். "குழந்தையும் தாயும் முதல்ல போகட்டும்மா. நான் இங்கனயே இருக்கேன். எல்லாரும் போன பொறவு கடைசியா வாரேன்."

அவளுக்கு ஒரு சொல்லும் புரிந்திருக்காது. குழந்தையைக் காட்டினேன், படகைக் காட்டினேன். என் நெஞ்சைத் தொட்டு, உட்கார்ந்திருந்த இடத்தைத் தட்டிக் காட்டினேன். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரும்புக் கம்பிக்காரன் சுற்றிவந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றான். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று கழுத்து நரம்பு துடித்தது. திரும்பினால் அவனைச் சந்தேகப்படுகிறேன் என்று ஆகிவிடும். திரும்பவில்லை. அந்தச் சில நிமிஷங்கள் என் பின்மண்டை முழுக்கக் கண்ணாக இருந்தது.

அவள் வெகுநேரம் என் கைகளையே பார்த்தாள். பிறகு குனிந்து ஜாக்கெட்டை எடுத்து, குழந்தைக்காரிக்கு மாட்டிவிட்டாள்.

படகில் தாயும் குழந்தையும் ஏறினார்கள். மற்றப் பெண்களும் இரண்டு வயசாளிகளும் ஏறினார்கள். பச்சைச் சேலைக்காரி ஏறவில்லை. விளிம்புக்கு வந்து வேப்பமரத்தைப் பார்த்து ஏதோ கூப்பிட்டாள். கத்தவில்லை, நீட்டி, பாடுகிற மாதிரி ஒரு கூப்பாடு. மரத்திலிருந்து பதில் வந்தது. அவள் என்னைச் சுட்டிக்காட்டித் திரும்பவும் ஏதோ சொன்னாள். மீரான் காக்கா மோட்டாரைப் போடாமல், துடுப்பாலேயே படகை மரத்தின் பக்கம் மிதக்க விட்டார். இந்தத் தடவை மங்கள் கொப்பை விடவில்லை. அவன் அக்காள் மகள்தான் அந்தக் குழந்தைக்காரி என்று பிறகு தெரிந்தது. அவள்தான் படகிலிருந்து அவனுக்குக் கை நீட்டினாள்.

அவனையும் ஏற்றிக்கொண்டு படகு மேட்டுக்குப் போய்விட்டது. நான் மிச்சமிருந்தவர்களோடு கூரையில் இருந்தேன்.

எனக்கு நீச்சல் தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரில் நீச்சல் தெரிந்தவனும் தெரியாதவனும் ஒன்றுதான். தண்ணீர் கூரை விளிம்பைத் தொட்டது. பிறகு விளிம்பு வளைவுகளுக்குள் நாக்கு நீட்டியது. கீழே அடுக்கி வைத்திருந்த ஹாலோபிளாக்குகள் சரிகிற சத்தம், ஒவ்வொன்றாக. சுவர் நிற்குமா என்று தெரியாது. படகு வருமா என்று தெரியாது. மேட்டில் யாராவது அதிகாரி, போதும் திரும்பிப் போகாதே என்று காக்காவைத் தடுத்துவிட்டால்? என் மகளுக்கு அந்த மாசம் வளைகாப்பு வைத்திருந்தோம். அது ஞாபகம் வந்தது. பச்சைச் சேலைக்காரி எனக்கு எதிரே குந்தி உட்கார்ந்திருந்தாள். நான் அவளைப் பார்ப்பேன், அவள் என்னைப் பார்ப்பாள். இரண்டு பேருக்கும் ஒரே கேள்விதான்.

படகு வந்தது. நான் எழுந்த அவசரத்தில் கால் வைக்கிற இடத்தைப் பார்க்கவில்லை.

சடக்கென்று வலதுகால் தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டது. அடியில் தண்ணீர் காலைப் பிடித்து இழுத்தது. அலறினேன், வெட்கமில்லாமல் அலறினேன். பின்னால் இரும்புக் கம்பி கூரையில் விழுகிற சத்தம் கேட்டது. அடுத்த நொடி இரண்டு கைகள் என் அக்குளுக்குள் நுழைந்து தூக்கின. முன்னாலிருந்து அவள் என் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். அவர்கள் தங்களுக்குள் என்னமோ கத்தினார்கள், நான் என் பாஷையில் கத்தினேன். எல்லாருக்கும் எல்லாம் புரிந்தது.

கடைசிப் பயணத்தில் நான், அவள், கம்பியைப் போட்டுவிட்டு என்னைத் தூக்கியவன், இன்னும் சில ஆம்பளைகள். மேட்டில் கால் வைத்த பிறகு திரும்பிப் பார்த்தேன். கூரையின் ஒரு பக்கம் உள்ளே இறங்கியிருந்தது.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

பக்கத்திலிருந்த பள்ளிக்கூடத்தை முகாமாக்கியிருந்தார்கள். நான் காலில் துணியைச் சுற்றிக்கொண்டு அவர்களை அங்கே கூட்டிப் போனேன். பள்ளிக்கூட வாசலில் அந்தக் கூட்டம் அப்படியே நின்றுவிட்டது. வராந்தா முழுக்கச் சுற்றுவட்டார ஜனங்கள், நனைந்த மூட்டைகளோடு. மங்களின் முகம் மறுபடி அந்த மரத்தில் இருந்த முகமாகிவிட்டது.

"என்னப்பா?" என்றேன். 'லே' போடவில்லை.

"அந்த ஆளு சார்." கண்ணால் மட்டும் காட்டினான். "கம்பெனி கேட்டுக்குக் கம்போட வந்த ஆளு. அங்க நிக்கிறான்."

வராந்தாத் தூணோரம் முப்பது வயதுக்காரன் ஒருவன் நின்றிருந்தான். அவனுக்கும் இவர்களை அடையாளம் தெரிந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு அடுத்த அழைப்பு வந்தாயிற்று. மீரான் காக்கா படகில் காத்திருந்தார். இவர்களை இந்த வாசலில் விட்டுவிட்டுப் போனால் திரும்பவும் ஆற்றைப் பார்த்தே போய்விடுவார்கள்.

உள்ளே போய் அந்த ஆளிடம் பேசலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். அதட்டினால் அவன் கூட்டத்துக்கு ரோஷம் வரும். அதனால் அவனை விட்டுவிட்டு, வராந்தாவில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் போனேன்.

"தாயி, கைப்புள்ளக்காரி ஒருத்தி நனைஞ்சு நடுங்கிக்கிட்டு நிக்கா. உள்ள வரப் பயப்படுதா."

அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "பச்சப் புள்ளய இப்படி மழையில வச்சுக்கிட்டு நிப்பாவளா?" என்று என்னையே திட்டுகிற மாதிரி சொல்லிக்கொண்டு, மூட்டையிலிருந்து காய்ந்த துண்டு ஒன்றை உருவிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். கிட்டே வந்து கொடுக்கவில்லை, தள்ளி நின்றே நீட்டினாள். அவளுக்கும் இவர்களைக் கண்டு பயம்தான். அந்த வீடியோவை அவளும் பார்த்திருப்பாள்.

குழந்தைக்காரி பச்சைச் சேலைக்காரியைப் பார்த்தாள். பச்சைச் சேலைக்காரியின் பேர் புத்னி என்று மங்கள் சொன்னான். நான் அவனிடம் கேட்டேன்: "கூரையில என்னை எதுக்கு நம்புனாங்கன்னு கேளு. நான் பேசுனது எதுவும் புரிஞ்சிருக்காதே."

அவன் கேட்டான். அவள் சுருக்கமாகப் பதில் சொன்னாள். மங்கள் வேலைக்களத்தில் கற்ற தன் தமிழில் சொன்னான்:

"உங்க கை நடுங்கிச்சாம் சார். அடிக்க வர்ற ஆளுக்குக் கை நடுங்காதாம்."

முப்பது வருஷத்துக்கு மேலாக நான் அந்த நடுக்கத்தை மறைத்துத்தான் வேலை பார்த்தேன். ஆபத்தில் இருப்பவன் முன்னால் பயத்தைக் காட்டாதே என்றுதான் எனக்குக் கற்றுத் தந்தார்கள். உங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தருவார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் அன்றைக்கு நான் பேசிய எதுவும் அங்கே செல்லுபடியாகவில்லை. மறைக்க முடியாமல் போன அந்த நடுக்கம் ஒன்றைத்தான் அவளால் படிக்க முடிந்தது. எதிரே இருப்பவருக்கு நம்மிடத்தில் எது தெரிகிறது என்று நமக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள முயலுங்கள். எனக்குச் சொல்லத் தெரிந்த பாடம் அவ்வளவுதான்.

புத்னி இன்னும் வாசலைத் தாண்டவில்லை. வராந்தாவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தாள். தூணோரம் நின்றவனையும் பார்த்தாள். பிறகு மங்களிடம் ஏதோ கேட்டாள். அவன் தயங்கினான்.

"என்ன கேக்காங்க?"

"உள்ள இருக்கிறவங்கள்ல யாருக்காவது பயம் இருக்கான்னு கேக்கிறாங்க சார்."

நானும் வராந்தாவைப் பார்த்தேன். வீடு முழுகிப்போனவர்கள். மாட்டை அவிழ்த்துவிட்டு வந்தவர்கள். இன்னும் வந்து சேராத ஆளுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர்கள். தூணோரம் நின்றவனின் காலைக் கட்டிக்கொண்டு ஒரு சின்னப் பெண்குழந்தை அழுதுகொண்டிருந்தது.

"எல்லாருக்கும் இருக்குன்னு சொல்லு," என்றேன்.

மங்கள் சொன்னான். புத்னி இன்னொரு தடவை எல்லாரையும் பார்த்தாள். பிறகு அந்தத் துண்டை வாங்கிக் குழந்தையின் தலையில் போட்டுவிட்டு, முதல் ஆளாக உள்ளே போனாள்.